பெரியவர்களுக்கு ஒரு விவிலியப் படிப்புக் குழு: பங்கில் தொடங்கி நடத்துவது எப்படி

உறுதிப்பூசுதல் முடிந்த வாரமே மறைக்கல்வி நோட்டு பரணில் ஏறிவிடும். அதற்குப் பிறகு கடைசி வரை ஞாயிறு பிரசங்கம் மட்டும்தான். பத்துப் பதினைந்து நிமிடம் கேட்கலாம், திருப்பிக் கேள்வி கேட்க முடியாது. கல்யாணம், கடன், நோய், சாவு என்று வாழ்க்கை கேள்விமேல் கேள்வியாகக் கொண்டுவந்து போடும். நம் கையில் இருப்பதோ ஏழாம் வகுப்பில் மனப்பாடம் செய்த பதில். பக்கத்து வீட்டுப் பெந்தகோஸ்தேக்காரர், "இயேசுவுக்குச் சகோதரர்கள் இருந்ததாக மாற்கு எழுதியிருக்கிறாரே, நீங்கள் மாதாவை எப்போதும் கன்னி என்கிறீர்களே, எப்படி?" என்று கேட்டால் நம் ஆட்கள் ஒன்று சண்டைக்குப் போவார்கள், இல்லை பேச்சை மாற்றுவார்கள்.

இத்தனைக்கும் 1971-ல் வத்திக்கான் வெளியிட்ட பொது மறைக்கல்வி வழிகாட்டி நூல், பெரியவர்களுக்கான மறைக்கல்விதான் எல்லா மறைக்கல்விக்கும் தலையானது என்கிறது. 1979-ல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அதையே மறுபடியும் எழுதினார். ஆனால் நம் பங்குகளில், அதாவது ஒவ்வொரு கோவிலையும் சுற்றியுள்ள கத்தோலிக்கச் சமூகங்களில், ஆளும் பணமும் சிறுவர்களுக்கே போகின்றன.

நான் எங்கள் பங்கில் இதை இரண்டு முறை தொடங்கியிருக்கிறேன். முதல் குழு நான்கு மாதத்தில் செத்துப்போனது. வாரா வாரம் நானே பேசினேன், வந்தவர்கள் தலையாட்டினார்கள், பிறகு வரவில்லை. இரண்டாவது குழு இன்றும் நடக்கிறது. கீழே இருப்பது பெரும்பாலும் அந்த முதல் குழு கற்றுக்கொடுத்தது.

1. இது எந்தக் குழு என்று முடிவு செய்யுங்கள்

அன்பியம் (பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து செபிக்கும் சிறு குழு) ஏற்கெனவே இருக்கிறதே, இது எதற்கு என்றுதான் முதலில் கேட்பார்கள். அதற்குப் பதில் தயாராக இருக்க வேண்டும்.

அன்பியத்தில் வழக்கமாக நடப்பது ஏழு படி நற்செய்திப் பகிர்வு. தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனத்தில் ஆஸ்வால்ட் ஹிர்மர், ஃபிரிட்ஸ் லோபிங்கர் என்ற இரண்டு குருக்கள் வளர்த்தெடுத்த முறை அது. ஆண்டவரை அழைப்பது, வாசிப்பது, மனதில் பட்ட சொல்லைத் திரும்பச் சொல்வது, மௌனமாக இருப்பது, தன்னைத் தொட்டதைப் பகிர்வது, என்ன செய்யலாம் என்று பேசுவது, சொந்த வார்த்தையில் செபிப்பது. நல்ல முறை, எழுதப் படிக்கத் தெரியாதவரும் சமமாக உட்காரலாம். ஆனால் "சமாரியர் என்றால் யார், யூதர்களுக்கு அவர்கள்மேல் ஏன் அவ்வளவு வெறுப்பு?" என்று ஒருவர் கேட்டால் அந்தக் கேள்விக்கு ஏழு படியில் எந்தப் படியிலும் இடமில்லை. ஒருவர் பகிர்ந்ததை இன்னொருவர் திருத்தக் கூடாது என்பது அங்கே விதி. அதனால் ஒரு வசனத்தைத் தலைகீழாகப் புரிந்துகொண்டாலும் அது அப்படியே நிற்கும்.

படிப்புக் குழு அந்த இடத்துக்குத்தான். அன்பியத்துக்குப் போட்டியாக வைக்காதீர்கள், அன்பியத் தலைவர்கள் மனம் கோணினால் ஆள் வராது. இது பாட்டும் கைதட்டலுமான அருங்கொடைச் செபக் கூட்டமும் இல்லை, திருமுழுக்குத் தயாரிப்பும் இல்லை. தொடங்கும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் மூன்றாவது வாரம் ஒருவர் கிட்டாரோடு வருவார்.

2. ஃபாதரிடம் பேசுவது

1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 229-வது சட்டம், கிறிஸ்தவப் போதனையைக் கற்பது பொதுநிலையினரின் கடமை என்றும் உரிமை என்றும் சொல்கிறது. தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை எடுத்துக்கொண்டு பங்குத்தந்தையிடம் போகாதீர்கள். சட்டம் பேசிக்கொண்டு வருகிறவரைப் பார்த்தால் எந்த ஃபாதருக்கும் உள்ளூர எரிச்சல் வரும்.

ஒரே ஒரு தாள் போதும். எந்த நூல், எத்தனை வாரம், எந்தக் கிழமை, எங்கே, யார் நடத்துவது. "ஃபாதர், வாரா வாரம் நீங்கள் வர வேண்டியதில்லை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கேள்வி பதிலுக்கு மட்டும் வாருங்கள்" என்று சொல்லுங்கள். மூன்று கிளைப் பங்குகளுக்கு ஓடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இது பெரிய நிம்மதி. குழுவுக்கும் நல்லது. ஃபாதர் உட்கார்ந்திருந்தால் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார்கள். வந்தால் அவரும் வட்டத்தில் ஒருவராக உட்காரும்படி ஒரு நாற்காலி. மேசை வேண்டாம், மைக் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, குழுவைத் தொடங்குவதைப் பங்குப் பேரவைக் கூட்டக் குறிப்பில் பதிய வையுங்கள். ஃபாதர் மாறுதலாகிப் போனபின் வருகிற புதியவர், "இது யாருடைய குழு?" என்று கேட்பார். நோட்டில் இருந்தால் அது பங்கின் குழு. இல்லாவிட்டால் உங்கள் குழு, அதாவது பழைய ஃபாதருக்கு வேண்டியவர்களின் குழு.

தொடக்க நாளுக்கு இறைவார்த்தை ஞாயிறு நல்ல சாக்கு. திருத்தந்தை பிரான்சிஸ் 2019 செப்டம்பர் 30, அதாவது புனித எரோணிமுஸ் நாளன்று, பொதுக்காலத்தின் மூன்றாம் ஞாயிறை அதற்கென்று ஒதுக்கினார். ஜனவரி கடைசியை ஒட்டி வரும். கிறிஸ்மஸ் அலைச்சல் ஓய்ந்திருக்கும், தவக்காலம் தொடங்கியிருக்காது.

3. யாரை அழைப்பது

அறிவிப்பில் "அனைவரும் வரவேற்கப்படுகிறார்கள்" என்று வாசிப்பார்கள். அதைக் கேட்டு வருவது வழக்கமாக வருகிற அதே பன்னிரண்டு பேர்தான். வாசகம் வாசிப்பவர், பாடகற்குழு, வின்சென்ட் தே பால் சபை, ஓய்வு பெற்ற ஆசிரியர் இருவர். மற்றவர்களுக்கு அந்த 'அனைவரும்' தங்களைச் சொல்வதாகப் படாது. அதற்குக் காரணமும் உண்டு.

முதலில் சாதியைச் சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைக்க விருப்பமில்லை. தேவசகாயம் 1745-ல் திருமுழுக்குப் பெற்ற ஊர் வடக்கன்குளம். சாதி பார்க்காமல் எல்லோரோடும் பழகினார் என்பதற்காகவும் பகையைச் சம்பாதித்து, 1752-ல் சுட்டுக் கொல்லப்பட்டு, 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்ட அதே தேவசகாயம். அந்த ஊரிலேயே பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த கோவில், இரண்டு சாதிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் பூசை காணும்படி இரண்டு கால்களாகப் பிரிந்து பீடத்தில் வந்து சேரும். 'கால்சட்டைக் கோவில்' என்றே அதற்குப் பெயர். நடுச்சுவர் எப்போதோ போய்விட்டது. ஆனால் கல்லறைத் தோட்டத்தில், தேர் வரும் தெருவில், திருவிழா வரியில் இன்னும் எத்தனை பங்குகளில் அது நிற்கிறது என்பதை வாசிக்கிறவர்களே அறிவார்கள். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-ல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, சாதிப் பாகுபாட்டைக் கடுமையான சமூகப் பாவம் என்றே சொல்கிறது.

படிப்புக் குழு இதை ஒரே நாளில் தீர்க்காது. ஆனால் இரண்டு காரியம் செய்யலாம். ஒன்று, குழுவைத் தொடங்கும் மூன்று பேரும் ஒரே தெருவைச் சேர்ந்தவர்களாக இருக்கக் கூடாது. பிறகு ஆள் சேர்த்து நிரவிவிடலாம் என்று நினைக்காதீர்கள், முதல் மூன்று பேரைப் பார்த்துத்தான் ஊர் முடிவு செய்யும். இரண்டு, அறிவிப்பை நம்பாமல் வீடு தேடிப் போய் அழையுங்கள். போன வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். கேட்காமலே கவனிப்பார்கள்.

அடுத்து, கோவிலின் பின்வரிசையில் நின்று பூசை கண்டுவிட்டுப் போகிறவர்கள். மணமுறிவுக்குப் பிறகு வேறு திருமணம் செய்தவர்கள், பதிவுத் திருமணம் மட்டும் செய்தவர்கள், நற்கருணை வாங்க முடியாத நிலையில் இருப்பவர்கள். இவர்களில் பலர் தங்களைத் திருச்சபையே விலக்கிவிட்டதாக நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2016-ல் வந்த 'அன்பின் மகிழ்ச்சி' திருத்தூது ஊக்கவுரையின் எட்டாம் அதிகாரம் முழுக்க இவர்களோடு நடப்பதைப் பற்றியது. படிப்புக்கு வர எந்தத் தகுதியும் தேவையில்லை. வருகிறவரிடம் குடும்ப நிலையைக் கேட்காதீர்கள். பெயர்ப் பதிவேட்டில் 'கணவர் பெயர்' என்று ஒரு கட்டம் போட்டிருந்தோம். ஒரு அக்கா அதைப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் போனார். இப்போது பெயரும் போன் நம்பரும் மட்டும்தான்.

திருநங்கையரோ தன்பாலீர்ப்புள்ள பிள்ளையைப் பெற்றவர்களோ வந்தால் என்ன செய்வது என்று நடத்துகிறவர்கள் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். திருமணம் பற்றிய திருச்சபையின் போதனை எல்லோருக்கும் தெரியும். அந்தப் போதனையைச் சொல்லும் திருச்சபையின் அதிகாரபூர்வ மறைக்கல்வி நூலின் 2358-வது பத்தி, இவர்களை மரியாதையோடும் இரக்கத்தோடும் ஏற்க வேண்டும், அநியாயமான பாகுபாட்டின் சாயல்கூட இருக்கக் கூடாது என்று சொல்வது பலருக்குத் தெரியாது. திருநர் திருமுழுக்குப் பெறலாம் என்று வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுத் துறை 2023-ல் பதில் அளித்ததும் தெரியாது. திருமணம் பற்றிய போதனை, இந்த மரியாதை இரண்டையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் சொல்கிற குழுவை யாரும் நம்பமாட்டார்கள்.

கலப்பு மணத்தில் வந்த இந்து மருமகள், சிஎஸ்ஐ மாப்பிள்ளை, வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு வருடா வருடம் போய்வரும் பக்கத்து வீட்டு அம்மா, யாராக இருந்தாலும் வரட்டும். "எப்போது ஞானஸ்நானம்?" என்று யாரும் கேட்கக் கூடாது என்பதை மட்டும் குழுவுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

4. இடமும் நேரமும்

பங்குப் பணியகத்தின் மாடி அறை வேண்டாம், முழங்கால் வலிக்காரர்கள் அன்றே கழன்றுவிடுவார்கள். தரைத்தளத்தில் பள்ளி வகுப்பறையோ குருசடித் திண்ணையோ நல்லது. ஒலிபெருக்கி இல்லாமல் எல்லோருக்கும் கேட்க வேண்டும். காது மந்தமானவருக்குப் பேசுகிறவர் வாய் தெரியும்படி இடம் ஒதுக்குங்கள். வட்டமாகத்தான் உட்கார வேண்டும், எல்லோரும் நாற்காலியில், இல்லாவிட்டால் எல்லோரும் பாயில். நாலு பேர் நாற்காலியிலும் மற்றவர்கள் தரையிலும் என்றால் யாக்கோபு 2:1-4 நம்மைப் பார்த்துத்தான் எழுதப்பட்டது. பொன் மோதிரக்காரருக்கு நல்ல இருக்கை, கந்தல் உடுத்தியவருக்குக் கால்மாட்டில் இடம்.

வீடு வீடாக மாறி மாறி நடத்தலாமே என்பார்கள். முதல் வருடம் வேண்டாம். யார் வீட்டுக்கு யார் வருவார், யார் வீட்டில் யார் காபி குடிப்பார் என்ற கணக்கு உடனே தொடங்கிவிடும். கொஞ்சம் பழகியபின் வீடுகளுக்குப் போங்கள், அப்போது அதுவே ஒரு பாடமாக இருக்கும். எந்த வீடானாலும் சுக்குக் காபியும் அவித்த கடலையும் மட்டும் என்று விதி வைத்துவிடுங்கள். ஒரு வீட்டில் கேசரி வைத்தால் அடுத்த வீட்டில் பிரியாணி. மூன்றாவது வீட்டுக்காரர் "இந்த வாரம் எங்கள் வீட்டில் வசதிப்படாது" என்பார்.

நேரம் ஊருக்கு ஊர் மாறும். ஞாயிறு கடலுக்குப் போகாத மீனவ ஊரில் ஞாயிறு மாலை சரி. மில் ஷிப்ட் உள்ள ஊரில் எந்த நேரம் வைத்தாலும் மூன்றில் ஒரு பங்கு வர முடியாது, அங்கே மாதம் ஒருமுறை நேரத்தை மாற்றிவைக்கலாம். சமையல் நேரத்தில் வைத்தால் ஆண்கள் குழு ஆகிவிடும். எழுபத்தைந்து நிமிடம், மணி அடித்ததுபோல் முடிய வேண்டும்.

5. எந்தப் புத்தகம்

1995-ல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு. கத்தோலிக்கரும் மற்றச் சபையினரும் சேர்ந்து செய்தது, பூசையில் கேட்பதும் அதுதான். முன்னுரைகளும் அடிக்குறிப்புகளும் இருக்கின்றன, பாதிப் பேர் அவற்றைத் திறந்தே பார்த்திருக்கமாட்டார்கள்.

ஆனால் முதல் நாளே ஒரு குழப்பம் வரும். ஒருவர் தாத்தா காலத்துப் பழைய புராட்டஸ்டண்ட் பைபிளோடு வருவார். நீங்கள் 'விடுதலைப் பயணம்' என்றால் அவர் தேடிக்கொண்டே இருப்பார், அவர் கையில் அது யாத்திராகமம். தொடக்க நூல் ஆதியாகமம், திருத்தூதர் பணிகள் அப்போஸ்தலருடைய நடபடிகள், ஆண்டவர் கர்த்தர். இதை அட்டையில் எழுதி எல்லோர் கையிலும் கொடுத்துவிடுங்கள். "உங்கள் பைபிள் தப்பு" என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. இரண்டு மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்து வாசித்தால் கடினமான இடங்கள் பாதி தானாகவே விளங்கும்.

தோபித்து, யூதித்து, சீராக், மக்கபேயர் போன்ற நூல்கள் அந்தப் பழைய பைபிளில் இருக்காது. கத்தோலிக்க விவிலியத்தில் 73 நூல்கள், மற்றதில் 66. பொது மொழிபெயர்ப்பின் கத்தோலிக்கப் பதிப்பில் இவை பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவே 'இணைத்திருமுறை நூல்கள்' என்று தனியாக இருக்கும்.

பக்கத்தில் ஒரு மறைக்கல்வி நூல் வேண்டும். 1992-ல் வந்த முழு நூலில் 2865 பத்திகள், அதைக் குழுவில் வரிசையாகப் படிக்க முயலாதீர்கள். 2005-ல் வந்த சுருக்கம் 598 கேள்வி பதில்கள். சந்தேகம் வரும்போது எடுத்துப் பார்க்க அது கைக்கு அடக்கம்.

எழுத்துக் கூட்டி வாசிப்பவர்களும் வாசிக்கவே தெரியாதவர்களும் வருவார்கள். ஆகவே 'ஆளுக்கு ஒரு வசனம்' என்று சுற்றில் வாசிக்கச் சொல்லாதீர்கள். தன் முறை வரப்போகிறது என்று ஒருவர் வியர்ப்பதைப் பார்த்திருக்கிறேன், அடுத்த வாரம் அவர் வரவில்லை. நன்றாக வாசிக்கும் ஒருவர் நிதானமாக இரண்டு முறை வாசித்தால் போதும். வாசிக்கத் தெரியாத பாட்டிகள் கேட்டே மனப்பாடமாக வைத்திருப்பார்கள், நாம் பக்கம் புரட்டுவதற்குள் அவர்கள் அடுத்த வரியைச் சொல்லிவிடுவார்கள்.

6. எதில் தொடங்குவது

ஆதியாகமத்தில் தொடங்காதீர்கள். ஆறு நாள் படைப்பில் மாட்டி ஆறு வாரம் போய்விடும். திருவெளிப்பாட்டில் தொடங்கவே தொடங்காதீர்கள்.

மாற்கு. நான்கு நற்செய்திகளில் சிறியது, வேகமானது. அல்லது அந்தத் திருவழிபாட்டு ஆண்டின் நற்செய்தியை எடுங்கள், படித்ததையே ஞாயிறு பூசையில் கேட்பார்கள். எந்த ஆண்டு என்று கண்டுபிடிக்க எளிய வழி: ஆண்டை மூன்றால் வகுங்கள். மீதி இல்லையென்றால் லூக்கா (2025), மீதி ஒன்று என்றால் மத்தேயு (2026), இரண்டு என்றால் மாற்கு (2027). கிறிஸ்மஸுக்கு முந்தைய திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறிலேயே அடுத்த ஆண்டுக் கணக்கு தொடங்கிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

மாற்கு முழுவதையும் எட்டு வாரம் கொண்ட ஒரு சுற்றில் முடிக்க முடியாது, தேவையும் இல்லை. எங்களுக்கு நன்றாகப் போனவை இவை. ஐந்தாம் அதிகாரத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கால் துன்பப்பட்ட பெண்ணும் பன்னிரண்டு வயதுச் சிறுமியும். அந்தப் பன்னிரண்டை இரண்டு இடத்திலும் கண்டுபிடித்தது எங்கள் ஊர்ப் பூக்கடை அக்கா. 'தீட்டு' என்ற சொல் அன்றுதான் எங்கள் வட்டத்தில் முதல்முறை சத்தமாகச் சொல்லப்பட்டது. பிறகு 7:24-30, சிரிய பெனிசியப் பெண். இயேசு நாய்க்குட்டிகளைப் பற்றிச் சொல்வது எல்லோரையும் உறுத்தும். உறுத்தட்டும், உடனே சமாதானம் சொல்லாதீர்கள். அதே கதையை மத்தேயு 15-ல் எடுத்து, அங்கே அவர் கானானியப் பெண் ஆவதையும், சீடர்கள் அவரை அனுப்பிவிடச் சொல்வதையும் ஒப்பிடச் சொல்லுங்கள். கடைசியில் 14:3-9-ல் பெத்தானியாவில் நறுமணத் தைலம் ஊற்றிய பெண்ணும், 16:8-ல் பயந்து ஓடும் பெண்களும். மிகப் பழைய கைப்பிரதிகளில் மாற்கு அந்த வரியோடு நின்றுவிடுகிறது. பின்வரும் வசனங்களைத் திருச்சபை திருநூலாகவே ஏற்றிருக்கிறது என்றாலும், கையெழுத்தால் பிரதி எடுத்த காலத்தைப் பற்றிப் பேச அது நல்ல இடம்.

மாற்குக்குப் பிறகு ரூத்து. நான்கே அதிகாரம், ஒரு மாதம். ஞாயிறு வாசகங்களில் அது வருவதே இல்லை, பலருக்குப் புதிதாக இருக்கும். மாமியார் மருமகள் கதை, வேற்று இனத்துப் பெண், பிழைக்க ஊர்விட்டு ஊர் போன குடும்பம். துபாய்க்கும் திருப்பூருக்கும் ஆள் அனுப்பிய ஊரில் விளக்கவுரையே வேண்டாம்.

7. ஒரு மாலை

முதல் பத்து நிமிடம் வருகிறவர்கள் வந்து சேர. ஒரு சிறு செபம், நீளமாக வேண்டாம்.

வாசகத்தை இரண்டு முறை வாசியுங்கள். நடுவில் ஒரு நிமிட மௌனம். பிறகு நடத்துகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இதில் எது விளங்கவில்லை?" என்பது. "இது உங்களுக்கு என்ன சொல்கிறது?" என்று தொடங்கினால் எல்லோரும் நல்ல பிள்ளைகளாகி, மன்னிக்க வேண்டும், செபிக்க வேண்டும் என்று பதில் சொல்வார்கள். விளங்காததைக் கேட்டால்தான் வாய் திறப்பார்கள். வருகிற கேள்விகளைக் கரும்பலகையில் எழுதுங்கள். ஆறேழு போதும்.

அடுத்த இருபத்தைந்து நிமிடம் படிப்பு. இங்கே நடத்துகிறவருக்கு வேலை. அந்த வாசகத்துக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது, யாருக்காக எழுதப்பட்டது, அந்தக் காலத்தில் அது என்ன வழக்கம். 1965-ல் வந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 'இறை வெளிப்பாடு' ஏடு, எழுதியவர் எந்த இலக்கிய வகையில் எழுதினார் என்று பார்க்கச் சொல்கிறது. உவமையை வரலாறாகவும் கவிதையைச் சட்டமாகவும் படிக்காதே என்பதுதான் அதன் சாரம். 1993-ல் திருத்தந்தையின் விவிலியக் குழு வெளியிட்ட ஆவணம், எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுக்கும் அடிப்படைவாத வாசிப்பை வெளிப்படையாக ஆபத்து என்றது. யூடியூபில் உலக முடிவுத் தேதி சொல்கிறவர்களை வீட்டில் பார்த்துவிட்டு வருகிற குழுவுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

அப்புறம் பகிர்வு. இதற்கு 2023 அக்டோபரில் உரோமையில் உலக ஆயர் மாமன்றம் வட்ட மேசைகளில் நடத்திய முறையைக் கொஞ்சம் சுருக்கி எடுத்துக்கொண்டோம். முதல் சுற்றில் ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம், யாரும் குறுக்கிடக் கூடாது. மௌனம். இரண்டாம் சுற்றில் மற்றவர் சொன்னதில் தன்னைத் தொட்டது எது என்று மட்டும். மௌனம். மூன்றாவது, சேர்ந்து பேசுவது. பேச விரும்பாதவர் 'அடுத்து' என்று சொன்னால் போதும். இரண்டாம் சுற்றில்தான் மாயம் நடக்கும். தன் வாயைப் பார்த்து ஒருவர் கேட்டிருக்கிறார் என்பது, வீட்டிலும் கோவிலிலும் யாரும் பொருட்படுத்தாத ஒரு மனிதருக்குப் புது அனுபவம். பேசிப் பேசிப் பழகிய நமக்குத்தான் இந்தச் சுற்று கஷ்டம்.

கடைசியில் செபம், அடுத்த வார வாசகம், காபி.

8. கடினமான கேள்வி வரும்போது

ஒரு செருப்புப் பெட்டியில் துளை போட்டு வாசலில் வையுங்கள். பெயர் எழுதாமல் கேள்வி போடலாம். எழுதத் தெரியாதவர் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி எழுதச் சொல்லலாம். எங்கள் பெட்டியில் வந்த முதல் சீட்டு, "தூக்கு மாட்டிச் செத்தவனுக்கு மோட்சம் உண்டா?"

யார் எழுதியது என்று எல்லோரும் ஊகித்தோம், யாரும் சொல்லவில்லை. பல வருடங்களுக்கு முன் அந்த வீட்டுப் பையன் அப்படி இறந்தபோது கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுப்பதா என்று பெரியவர்கள் பேசிய ஊர் எங்களுடையது. நாங்கள் அன்று பதில் சொல்லவில்லை, ஒரு வாரம் எடுத்துக்கொண்டோம். 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, அறிந்து துணிந்து உயிரை மாய்த்துக்கொண்டவருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. ஊர்ப் பெரியவர்கள் நினைவில் இருந்தது அது. 1983 சட்டத்தொகுப்பு, அடக்கம் மறுக்கப்பட வேண்டியவர்களின் பட்டியலில் அவர்களைச் சேர்க்கவில்லை. மறைக்கல்வி நூலின் 2282, 2283-வது பத்திகள், கடுமையான மன உளைச்சலும் பயமும் பொறுப்பைக் குறைக்கும் என்றும், அவர்களுடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது என்றும், திருச்சபை அவர்களுக்காகச் செபிக்கிறது என்றும் சொல்கின்றன. அந்தப் பத்திகளை அப்படியே வாசித்தோம். ஒரு அம்மா மறுபடி வாசிக்கச் சொன்னார். மறுபடி வாசித்தோம். அதற்கு மேல் அன்று படிப்பு நடக்கவில்லை. (இப்படி ஒரு துயரம் வெளியே வரும்போது அதோடு விட்டுவிடாதீர்கள். இரண்டு பேர் வீட்டுக்குப் போங்கள், தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். விவிலியப் படிப்பு சிகிச்சை ஆகாது.)

எல்லாக் கேள்வியும் இப்படி இருக்காது. மாதா கேள்வியை எடுத்துக்கொள்வோம். மாற்கு 6:3-ல் இயேசுவின் சகோதரர்களாக யாக்கோபு, யோசே, யூதா, சீமோன். சரி, இப்போது 15:40-ஐத் திறக்கச் சொல்லுங்கள். சிலுவைக்குத் தொலைவில் நிற்கும் பெண்களில் 'சின்ன யாக்கோபுக்கும் யோசேக்கும் தாயான மரியா' என்று வேறொரு மரியா. விவிலியத்தை இலத்தீனில் மொழிபெயர்த்த புனித எரோணிமுஸ் இதையும் வைத்து அவர்கள் நெருங்கிய உறவினர் என்று வாதிட்டார். கிழக்குத் திருச்சபைகளில் அவர்கள் சூசையப்பரின் முதல் மனைவியின் பிள்ளைகள் என்ற மரபு உண்டு. சிற்றப்பா மகனையும் பெரியம்மா மகனையும் அண்ணன் தம்பி என்றே கூப்பிடும் நமக்கு இது புரியாத விஷயமா என்ன. பெந்தகோஸ்தே நண்பர் இதை ஏற்பாரா என்பது வேறு. நம் ஆள் சண்டை போடாமல் புத்தகத்தைத் திறக்கக் கற்றிருப்பார்.

தெரியாத கேள்விக்கு "தெரியாது, அடுத்த வாரம் பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி பார்த்துச் சொல்லுங்கள். நடத்துகிறவருக்கே தெரியவில்லை என்று கண்டபின்தான் எங்கள் குழுவில் கேள்விகள் கூடின.

9. குழுவைக் கெடுப்பவை

பிரசங்கியார் ஒருவர் எப்படியும் கிடைப்பார். என்னைப் போல ஒருவர். இரண்டு நிமிட விதியைச் சொல்லி, ஒரு மணல் கடிகாரமோ போன் அலாரமோ வையுங்கள். ஆளைத் திருத்துவதைவிட அலாரம் அடிப்பது நாகரிகம்.

அறிவுரை சொல்கிறவர் இன்னும் ஆபத்து. ஒருவர் தன் மகன் குடிப்பதைச் சொல்லி அழும்போது, "செபமாலை சொல்லுங்கள், சரியாகிவிடும்" என்றால் அவர் அடுத்த வாரம் வாய் திறக்கமாட்டார்.

வட்டத்தில் பேசியது தெருவுக்குப் போனால் குழு அன்றே முடிந்தது. ஒவ்வொரு வாரமும் தொடக்கத்தில் இதை ஒரு வரியில் நினைவூட்டுங்கள், அலுத்தாலும் பரவாயில்லை. ஆனால் ஒரு குழந்தைக்கோ பெண்ணுக்கோ யாராவது தீங்கு செய்வதாகத் தெரியவந்தால் இந்த இரகசிய விதி செல்லாது என்பதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

பணம் வசூலிக்காதீர்கள். ஜெராக்ஸ் செலவை யாராவது ஒருவர் சொல்லாமல் பார்த்துக்கொள்வார். வாட்ஸாப் குழுவில் நேரமும் வாசகமும் மட்டும். 'இதைப் பதினோரு பேருக்கு அனுப்பு' வகைச் செபச் சங்கிலியை ஒருவர் அனுப்பத் தொடங்கினால் பதினோரு பேர் வெளியேறுவார்கள்.

10. ஆறு மாதத்துக்குப் பிறகு

எட்டு வாரம் படிப்பு, இரண்டு வாரம் விடுமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். விடாமல் நடத்தினால் நின்றுபோவதற்குக் காரணம் தேடிக்கொண்டிருப்பீர்கள். திருவிழாவின் பத்து நாளும் மே மாதமும் எப்படியும் நடக்காது, முன்பே கணக்கில் கழித்துவிடுங்கள்.

நடத்துகிறவர் மாற வேண்டும். ஒரு சுற்று முடிந்ததும் வேறு இரண்டு பேர், அதில் ஒருவராவது பெண். வாசகர், பீடத்துணைவர் பணிகள் 2021 ஜனவரியிலேயே பெண்களுக்கும் முறைப்படி திறக்கப்பட்டுவிட்டன, அதே ஆண்டு மே மாதம் மறைக்கல்வியாளர் பணியும் திருப்பணியாக நிறுவப்பட்டது. வட்டத்தில் ஒரு பெண் விளக்கம் சொல்வதை இன்னும் யாராவது முகம் சுளித்தால் இதைச் சொல்லலாம். எங்கள் மூன்றாவது சுற்றை நடத்தியது பூக்கடை அக்காவும் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவரும். அக்கா பத்தாவது வரை படித்தவர். வாரம் ஒரு கேள்வியை மட்டும் எழுதிக்கொண்டு வந்து, அதையே நான்கு விதமாகக் கேட்பார். நான் நடத்தியதைவிட நன்றாக இருந்தது, கொஞ்சம் வலித்தாலும் ஒத்துக்கொள்ள வேண்டியதுதான்.

புதிய நடத்துநர்களுக்கு முதல் பாடமாகத் திருத்தூதர் பணிகள் 8:26-40 கொடுக்கிறோம். எத்தியோப்பிய அதிகாரி தேரில் உட்கார்ந்து எசாயா வாசிக்கிறார். அவர் அண்ணகர், அதாவது விதை நீக்கப்பட்டவர், இணைச்சட்டம் 23:1-ன்படி ஆண்டவரின் சபைக்குள் வர முடியாதவர். அப்படியும் எருசலேம் வரை போய்த் தொழுதுவிட்டுத் திரும்பும் வழி அது. பிலிப்பு தேரோடு ஓடிப்போய், வாசிப்பது விளங்குகிறதா என்று கேட்கிறார். யாராவது விளக்காவிட்டால் எப்படி விளங்கும் என்று அவர் பிலிப்பை ஏற்றிப் பக்கத்தில் உட்கார வைக்கிறார். பாடம் கேள்வியில் தொடங்குகிறது, அதுவும் ஓடுகிற தேரில். கடைசியில் அதிகாரியே கேட்கிறார், நான் திருமுழுக்குப் பெறத் தடை என்ன என்று. அதற்குப் பிலிப்பு என்ன பதில் சொல்கிறார் என்று தேடச் சொல்வோம். 37-வது வசனம் சில பதிப்புகளில் உள்ளே இருக்கும், சிலவற்றில் அடிக்குறிப்புக்குப் போயிருக்கும். ஏன் என்று கண்டுபிடித்து வருவதுதான் அவர்களுடைய முதல் வீட்டுப்பாடம்.

பதினைந்து பேரைத் தாண்டினால் குழுவை இரண்டாகப் பிரியுங்கள். பிரிக்கும்போது தெருவாரியாகப் பிரிக்காதீர்கள். சீட்டுக் குலுக்கிப் போடுங்கள்.